விழுந்தேன் என்று சொல்லாதே

அக்கா பேரன் கார் எடுத்திருக்கிறான். சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து ஆசி வாங்கினான். நாற்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான், அதிலும் பெரும்பாலும் விபத்து வழக்குக் கட்டுகளோடு. விபூதி பூசிவிட்டு இதையும் எழுதிக் கொடுத்தேன். நல்ல நாளும் அதுவுமாக இது எதற்கு என்று அவன் அம்மா முகம் சுளித்தாள். சுளிக்கட்டும்.

1. அடிபட்டால் முதலில் 108. கையில் காசில்லையே என்று தயங்காதே. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது உண்டு. லேசான வலிதானே என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதே. நாலு நாள் கழித்து எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால், ‘இது ரோட்டில் வந்ததா, வீட்டு மாடிப்படியில் வந்ததா?’ என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்பார். பதில் சொல்ல உன்னிடம் காகிதம் இருக்காது.

2. இதை மட்டும் இரண்டு முறை படி. அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். யார் கூட்டிவந்தது, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது, அங்க அடையாளமாக இரண்டு மச்சம் என்று எல்லாமே அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த அரைப் பக்கம்தான்.

ஒரு பூ வியாபாரி. விடியற்காலை மொபெட்டில் போனவரைப் பின்னாலிருந்து கார் இடித்தது. தூக்கிவந்த மைத்துனர் பதற்றத்தில், ‘வண்டியில இருந்து விழுந்துட்டாரு சார்’ என்றார். பொய் இல்லை, விழுந்தார்தான். டாக்டர் அதையே எழுதினார்: வண்டி சறுக்கிக் கீழே விழுந்தார். காரைப் பற்றி ஒரு சொல் இல்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் நிதானமாக, இரண்டு தடவை வாசித்தார். நஷ்டஈட்டு மனு தள்ளுபடி. அப்பீலில் பாதித் தொகை தேறுவதற்குள் மகள் கல்யாணத்தைக் கடன் வாங்கி முடித்திருந்தார்.

ஆகவே ‘விழுந்தேன்’ என்று சொல்லாதே. ‘நான் இந்த வண்டியில் வந்தேன், இந்த இடத்தில் கார் வந்து மோதியது’ என்று சொல். நம்பர் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல், ஊகித்துச் சொல்லாதே. போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து ‘பாத்ரூமில் வழுக்கிவிட்டது’ என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வக்கீலாலும் உதவ முடியாது.

3. வண்டிகளை ஓரம் கட்டுவதற்கு முன் போட்டோ எடு. நம்பர் பிளேட்டோடு நிறுத்தாதே. கண்ணாடிச் சில்லு, டயர் தேய்ந்த தடம், பக்கத்துக் கடை போர்டு எல்லாம் வரட்டும். எடுத்தவுடன் வீட்டில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு, நேரம் பதிவாகிவிடும். எதிரே டீக்கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

4. ‘கேஸ் எதுக்கு தம்பி, செலவை நான் பார்த்துக்கறேன்’ என்று காரின் சொந்தக்காரர் ஐயாயிரத்தை நீட்டுவார். நல்ல மனுஷராகவே இருக்கலாம். மூன்றாம் வாரம் ஆபரேஷன் என்றதும் போனை எடுக்க மாட்டார். புகார் கொடு. புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதே, எஃப்.ஐ.ஆர். போட வை. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். வாங்கியதும் வண்டி நம்பரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார். ஒரு எண் மாறினால் இன்சூரன்ஸ் கம்பெனியே மாறிப்போகும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து ரிப்போர்ட் தரும்வரை உன் வண்டியை மெக்கானிக்கிடம் விடாதே. ஆஸ்பத்திரியில் கிடந்ததால் புகார் தாமதமானால் பயப்பட வேண்டாம்; தாமதம் ஒன்றுக்காகவே மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காரணத்தை மட்டும் புகாரிலேயே எழுது.

5. இடித்த வண்டி நிற்காமல் போய், கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு திட்டத்தில் உண்டு. மனுவை வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

6. ஒரு மஞ்சள் பை போடு. மருந்து பில், ஆட்டோ வாடகை எழுதிய சீட்டு, எக்ஸ்ரே ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அதற்குள் போகட்டும். மருந்துக்கடை பில்லை அன்றே ஜெராக்ஸ் எடு. அந்த வழவழப்புத் தாளில் ஆறு மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். உன் தொழிலுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் வை. காலில் இத்தனை சதவீதம் ஊனம் என்று டாக்டர் சொல்வது வேறு, பிழைப்பில் எவ்வளவு போனது என்பது வேறு. அதே முழங்கால் கணக்குப்பிள்ளைக்கு வெறும் வலி. மிதித்துத் தைக்கும் தையல்காரருக்கு அதுதான் சோறு. கோர்ட் இந்த இரண்டாவதைத்தான் எடைபோட வேண்டும். அதைக் காட்டுவது நம் வேலை.

7. வார்டில் கட்டிலோரம் ஆரஞ்சுப் பழத்தோடு ஒருவர் வருவார், ‘நம்ம வக்கீல் இருக்கார், பைசா வேண்டாம், வர்றதுல இத்தனை பர்சென்ட்’ என்று. பழத்தை வாங்கிக்கொள், வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதே. ஆள் பிடிப்பதும் வருகிற தொகையில் பங்கு பேசுவதும் வக்கீலுக்கு விதிப்படி கூடாதவை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். எங்கள் காலத்திலும் ஆரஞ்சுப் பழம் உண்டு.

8. நஷ்டஈட்டு மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று யாராவது பெரியவர் சொன்னால், அவர் சொல்வது பழைய கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இதற்கான பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்தத் தெம்பில் நீ உட்கார்ந்துவிடாதே. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கோவையில் அடிபட்ட தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடியிலேயே போடலாம். மஞ்சள் பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.