பாடம் 9: பற்சக்கரமும் சங்கிலியும்

படிக்கும் முன்: உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை உற்று நோக்குங்கள். எஞ்சினின் விசை அச்சக்கரத்தை எவ்வழியாக வந்தடைகிறது?

எங்கள் தாத்தா படைக்கலத் தொழிற்சாலையில் பணிபுரிவதற்காக ஜபல்பூருக்கு வந்தவர். அவர் வாங்கிய புல்லட் 350 இன்றும் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டின் கீழ் நிற்கிறது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான வண்டி அது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய தொழில், இவ்வகை வண்டிகளை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. இன்றைய வண்டிகளில் கியர் மிதி இடப்பக்கம் இருக்கும். எங்கள் வண்டியில் வலப்பக்கம். முதல் கியருக்கு மிதியை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். புதிதாக ஓட்டுபவர் எவரும் முதல் நாள் திணறாமல் இருந்ததில்லை.

சென்ற கோடையில் அவ்வண்டி நோயுற்றது. விசையைக் கூட்டும்போதெல்லாம் அடியிலிருந்து தடதடவென ஓசை எழுந்தது. இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறுகையில் கியர் தானே நழுவி, எஞ்சின் வெறுமனே அலறியது. பின்னால் லாரி வரும்போது அவ்வாறு நழுவினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பட்டறையில், வண்டியைத் தூக்கி நிறுத்திக்கூடப் பாராமல், "கியர் பெட்டி போய்விட்டது, முழுவதும் மாற்ற வேண்டும்" என்றனர். அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டு அப்பா பேசாமல் திரும்பினார். அன்றிரவே, பழைய இரும்பு வாங்குபவரிடம் வண்டியைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உணவருந்தாமல் எழுந்து போனார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா என்னை அழைத்து, "விற்பதற்கு முன் ஒருமுறை நாமே பார்த்துவிடுவோம், அம்மா. செலவில்லாதவற்றை முதலில் சோதிப்போம்" என்றார்.

எஞ்சினில் பிறக்கும் விசை, முதற்சங்கிலி வழியாகக் கிளட்சை அடைகிறது. அங்கிருந்து கியர் பெட்டிக்கும், பின்னர்ப் பின்சங்கிலி வழியாகச் சக்கரத்திற்கும் செல்கிறது. பழைய புல்லட்டில் கியர் பெட்டி எஞ்சினோடு ஒன்றாக வார்க்கப்படாமல், தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். இவ்வழியில் எவ்விடத்தில் பழுது நேர்ந்தாலும் ஓட்டுபவரின் காதுக்கு ஒரே இடத்திலிருந்து வருவது போலவே கேட்கும். ஆகவே ஓசையைப் பிரித்தறிய வேண்டும். இவ்வண்டியில் நான்காம் கியரில் விசை பற்சக்கர இணைகளின் வழியே சுற்றிவராமல் நேரே கடந்து செல்கிறது. எனவே கீழ்க்கியர்களில் ஊளையிட்டு, நான்காம் கியரில் அடங்கும் ஒலி பற்சக்கரங்களைச் சுட்டும். எல்லாக் கியர்களிலும் கேட்டு, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் ஒலி சங்கிலியைச் சுட்டும். எங்களுடையது இரண்டாவது வகை. இதைக் கண்டறியத் தெருவில் இரண்டு சுற்றுகள் போதுமாயிருந்தன.

பின்னர் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நடுநிலையில் வைத்தோம். எஞ்சின் ஓடும்போது சங்கிலியின் அருகே கையையோ துணியையோ கொண்டுசெல்லக் கூடாது; பற்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் இடையே விரல் அகப்பட்டால் துண்டாகிவிடும். இதை அப்பா மூன்று முறை சொன்னார். நான் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்ற, அவர் சங்கிலியின் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். 25 முதல் 30 மி.மீ. வரை அசைய வேண்டிய சங்கிலி, ஓரிடத்தில் அதைப்போல் இரு மடங்கு தொங்கியது; வேறோரிடத்தில் விறைத்து நின்றது. இவ்வாறு சீரற்றிருக்கும் சங்கிலியை மிக இறுகிய இடத்தில் வைத்தே அளந்து சரிசெய்ய வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால் இறுகிய இடம் வரும்போது தாங்கு உருளைகள் நசுங்கும்.

சங்கிலியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, பலகைமேல் இழுத்து நீட்டினோம். அவ்வண்டியின் சங்கிலியில் அடுத்தடுத்த இரு முளைகளுக்கு இடையே உள்ள தொலைவு 15.875 மி.மீ. ஆகவே 20 கண்ணிகள் 317.5 மி.மீ. இருக்க வேண்டும். என் கணக்குப் பெட்டியின் அளவுகோல் போதாமையால் பாட்டியின் தையல் நாடாவைக் கொண்டுவந்தேன். அளவு 326 மி.மீ. வந்தது. இரண்டு விழுக்காட்டுக்கு மேல் கூடினால் சங்கிலியை மாற்ற வேண்டும் என்பது பொது வழக்கு. சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது பேச்சுக்காகத்தான். இரும்பு ரப்பரைப் போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு முளையும் அதைச் சுற்றியுள்ள குழலும் அரை மி.மீட்டருக்கும் குறைவாகத் தேய்கின்றன. கண்ணிகள் பலவானதால் அத்தேய்வு கூடிப் பெரிதாகிறது. பின் பற்சக்கரத்தின் பற்களும் அரிவாள் நுனிபோல் ஒருபுறம் வளைந்திருந்தன. அதன்மேல் புதிய சங்கிலியை மாட்டினால் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும். எனவே இருபற்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒன்றாகவே மாற்றினோம். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதைச் 'செயின் ஸ்பிராக்கெட் செட்' என்பர். இங்குள்ள கடைக்காரருக்கும் அச்சொல்லே விளங்கியது.

புதிய சங்கிலியின் இணைப்புக் கண்ணியில் ஒரு சிறு கவ்வி உண்டு. அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்; திறந்த முனை முன்னே இருந்தால் எதிலேனும் தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். பின் அச்சின் இருபுறமும் நத்தை ஓடு போன்ற வளைதகடுகள் உள்ளன. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையிலான வெட்டுகளை நகர்த்தினால்தான் சக்கரம் நேராக நிற்கும். சக்கரம் இடம்பெயர்ந்ததால் பின் பிரேக்கின் கம்பியையும் மறுபடி சரிசெய்தோம். இதைப் பலர் மறந்துவிடுவர்.

தடதட ஓசை நின்றது. ஆனால் கியர் நழுவுவது நிற்கவில்லை.

இங்குத்தான் அப்பாவும் சற்றுத் தளர்ந்தார். எனினும் கியர் பெட்டியின் எண்ணெயை வடித்து, ஒரு காந்தத்தை அதில் துழாவினார். சாம்பல்போன்ற நுண்துகள் ஒட்டியது; அது இயல்பான தேய்வே. நொய்யரிசிபோன்ற துண்டுகள் வந்திருந்தால் பல் உடைந்ததென்று பொருள். அவை இல்லை. அடுத்து, கியர் மிதியின் பொறியை மூடியிருந்த வெளிமூடியைக் கழற்றினார். உள்ளே இரு போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட ஒரு தகடு இருந்தது. மிதி மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் சமமாக இருக்குமாறு அத்தகட்டை நிறுத்த வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு போல்ட் தளர்ந்து, தகடு ஒருபுறம் சாய்ந்திருந்தது. அதனால் மிதி முழுத்தொலைவு சென்றும் இரண்டாம் கியர் பாதியே பொருந்தியது. பாதி பொருந்திய கியர் ஏற்றத்தில் நழுவாமல் என்ன செய்யும்? தகட்டை நேராக்கி, போல்ட்டுகளை இறுக்கி, புதிய எண்ணெய் ஊற்ற ஒரு மணி நேரமே ஆயிற்று.

அன்று மாலை பாட்டியைப் பின்னிருக்கையில் அமர்த்தி அப்பா குவாரிகாட்டு நர்மதைக் கரைக்குச் சென்று வந்தார். வழியில் ஓர் இறக்கத்தில் கியர் ஒரே ஒருமுறை நழுவியதாம். நெடுநாள் பாதியாகப் பொருந்தி ஓடியதில் உள்ளிருக்கும் பிடிப்பற்களின் முனைகள் மழுங்கியிருக்கலாம் என்கிறார். மறுபடி நழுவினால் பெட்டியைத் திறப்பது என்று முடிவாகியுள்ளது. பழைய சங்கிலி படிக்கட்டின் கீழேயே தொங்குகிறது, பாட்டி எறியவிடவில்லை.

சொற்பொருள்
கண்ணி – சங்கிலியின் ஓர் இணைப்பு. முளை – கண்ணிகளைக் கோக்கும் சிறு தண்டு. நொய் – உடைந்த அரிசி. மழுங்குதல் – கூர்மை குறைதல்.

பயிற்சி
1. மற்றொரு புல்லட்டின் சங்கிலியில் 20 கண்ணிகள் 322 மி.மீ. உள்ளன. தேய்வு எத்தனை விழுக்காடு? அச்சங்கிலியை மாற்ற வேண்டுமா?
2. ஓசைக்கும் கியர் நழுவுதலுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்பது எப்போது தெளிவாயிற்று?
3. 'வளைந்திருந்தன', 'தளர்ந்து', 'மூடிய' ஆகியவற்றுள் பெயரெச்சம் எது? வினையெச்சம் எது?
4. பட்டறையிலிருந்து அப்பா திரும்பிய இரவில் வீட்டில் நிகழ்ந்த உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.