கணப்புக் கண்ணாடியில் படியும் கரி

இங்கிலாந்தின் கிராமத்து வீடுகளில் விறகுக் கணப்பு வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலக் காலையில் ஒரு வேலை காத்திருக்கும். முந்தைய இரவு கரி பிடித்த கதவுக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். அதற்கென்றே கடைகளில் திரவங்கள் விற்கின்றன. பல குளிர்காலம் கண்டவர்கள் அவற்றைத் தேடிப் போவதில்லை. பழைய செய்தித்தாளைக் கசக்கி, நனைத்துப் பிழிந்து, கணப்பில் ஆறிக் கிடக்கும் சாம்பலில் ஒற்றி, வட்டமாகத் தேய்க்கிறார்கள். கரி இளகிப் பழுப்பு நீராக வழியும். இன்னொரு ஈரத்தாளால் அதை வழித்தெடுத்து, உலர்ந்த தாளால் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். திரவம், சாம்பல் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நானும் சாம்பல் பக்கம்தான்.

சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய கைகளுக்கு இது புதிதல்ல. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரில் கரைந்து காரமாகி, தார்ப் பிசுக்கை இளக்குகிறது. மாவு போல் நைந்த வெண்சாம்பலாகப் பார்த்து எடுக்க வேண்டும். கரித்துண்டோ, பழைய பலகையிலிருந்து உதிர்ந்த ஆணியோ, மணலோ கலந்திருந்தால் கீறல் விழும். விழுந்த கீறல் போகாது.

அந்தக் கண்ணாடி ஜன்னல் கண்ணாடி அல்ல, கண்ணாடிப் பீங்கான். 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க வைத்தார். உலை பழுதாகி வெப்பம் 900ஐத் தொட்டுவிட்டது. வெளியே எடுக்கும்போது கைநழுவி விழுந்த துண்டு உடையவில்லை. அந்த வகைப் பொருள்தான் இன்று கணப்புக் கதவுகளில் இருக்கிறது. சூட்டில் அது விரிவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக விரியும். ஆனாலும் இரும்பு நார் அதற்கு எதிரி. கதவை மூடும்போது நீட்டிக்கொண்டிருக்கும் விறகு இடித்தாலும் விரிசல் விடும். சூடாக இருக்கையில் துடைக்கவே கூடாது. கை சுடுவதோடு, தடவியது அப்படியே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

துடைப்பதைவிட முக்கியமான கேள்வி, கரி ஏன் படிந்தது என்பது. பெரும்பாலும் ஈர விறகுதான் காரணம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு செலவாகிவிடுகிறது. முழுக்க எரியாத புகை, உட்புறத்தில் சூடு குறைந்த இடமான கண்ணாடியில் தாராகப் படிகிறது. அதே தார் புகைபோக்கிக்குள்ளும் படிந்து, என்றாவது தீப்பிடிக்கும். கண்ணாடி நாள்தோறும் கறுத்தால் நான் முதலில் கவலைப்படுவது புகைபோக்கியை நினைத்துத்தான்.

இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வீட்டில் அடுக்கி உலர்த்துபவர்கள் ஈரமானி வைத்துப் பார்க்கிறார்கள். அதன் ஊசிகளை விறகின் வெளிமுனையில் குத்தினால் ஏமாந்துபோவோம். அந்த இடம் முதலில் காய்ந்துவிடும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் நடுப்பகுதியில் குத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்த காரணம் காற்று. இன்றைய கணப்புகளில் மேலிருந்து ஒரு காற்றோட்டம் கண்ணாடியை ஒட்டி இறங்கிப் புகையை விலக்கும். விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று இரவில் காற்றுத் திறப்பை இறுக்கி மூடினால் அந்த ஓட்டம் நின்றுவிடும். காலையில் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. சின்னச் சின்னதாக விறகு வைத்து நன்றாகக் கொழுந்துவிட்டு எரியவிடுவதே மேல்.

ஒரே ஒரு மூலை மட்டும் கறுத்தால், விறகு கண்ணாடிக்கு மிக அருகில் கிடந்திருக்கும், அல்லது கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தளர்ந்திருக்கும். கணப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கயிறு மாற்ற வேண்டிய நேரம். சமையல் ஓவனைத் துடைக்கும் காட்டமான ரசாயனங்களைக் கண்ணாடியில் அடிப்பவர்களுக்கு இந்தச் செலவு சீக்கிரமே வரும். அவற்றிலுள்ள காஸ்டிக் சோடா வழிந்து கயிற்றையும் கதவின் வண்ணப்பூச்சையும் கெடுக்கும். புதுக் கயிறு வாங்கும்போது பழையதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போனால் தடிமன் மாறாது.