பிளஸ் டூ முடிச்சாச்சா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுக் கிளம்பு!

எங்க வீட்டுல முதன்முதலா காலேஜ் படி ஏறினவ நான். என்ன எடுத்துட்டுப் போகணும், யாரைப் பார்க்கணும்னு சொல்ல வீட்டுல ஆள் இல்லை. பதினேழு வயசுல நின்ன அந்தப் பொண்ணுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் இப்போ உனக்குச் சொல்றேன். அட்மிஷன், ஹாஸ்டல், துணிமணின்னு நீ அலைஞ்சிட்டிருக்கேன்னு தெரியும். நீட்டி முழக்க மாட்டேன். ஆனா சொன்னதைச் செய்யணும்.

ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கோ. ஸ்கூல்ல டீச்சருங்க உன்னைத் துரத்தினாங்க. ஒரு நாள் போகலைன்னா வீட்டுக்கு போன் வரும். மார்க் குறைஞ்சா அம்மாவை வரச்சொல்லிப் பேசுவாங்க. காலேஜ்ல அப்படித் துரத்த ஆள் கிடையாது. நீயாப் போய்க் கேட்டா சொல்லுவாங்க. கேட்கலைன்னா, உதவித்தொகை லிஸ்ட்ல உன் பேர் இல்லைங்கிறதே கடைசி நாள் முடிஞ்ச பிறகுதான் உனக்குத் தெரியும். கீழே நான் சொல்றதுல முக்காவாசி கேட்கக் கத்துக்கிறதைப் பத்தித்தான்.

1. ஃபைலை இந்த வாரமே தயார் பண்ணு

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், ஒரே மாதிரி எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒவ்வொண்ணுலயும் ஐந்து ஜெராக்ஸ். பின்பக்கம் ஏதாவது அச்சாகியிருந்தா அதையும் எடு, இல்லைன்னா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

எல்லாத்தையும் மேசையில பரப்பி வெச்சு, உன் பேரை மட்டும் வரிசையாப் படி. மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், பாஸ்புக்ல அப்பா பேரையே முழுசா எழுதியிருப்பாங்க. ஒரு எழுத்து கூடியோ குறைஞ்சோ இருக்கும். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனா உதவித்தொகை கம்ப்யூட்டர்ல பேர் பொருந்தலைன்னா பணம் வராது. மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே மத்ததை மாத்திடு. ஆதார் திருத்தத்துக்கு ஜூலை மாசம் கூட்டம் அள்ளும், அதனால இப்பவே போ.

ஒரிஜினலை யார் கேட்டாலும், கொடுத்ததுக்கு எழுத்துல ஒப்புகை வாங்காம கொடுக்காதே. சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், ஒரிஜினலைக் கல்லூரி பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுங்கிறது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்ன விதி. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உன் மெயிலுக்கே ஒரு காப்பி அனுப்பி வை. ராத்திரி பத்து மணிக்கு ஏதோ ஒரு படிவத்துல அப்லோட் கேட்கும்போது என்னை நினைச்சுக்குவே.

2. உனக்கு வரவேண்டிய காசை விடாதே

இதுல கூச்சப்படுற பொண்ணுங்களைப் பார்த்தா எனக்குக் கோபமே வரும். உதவித்தொகை பிச்சை இல்லை, உனக்குன்னு அரசு ஒதுக்கின பணம்.

- வீட்டுல யாரும் பட்டப்படிப்பு முடிக்கலைன்னா முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு வாங்கு. இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புல கவுன்சிலிங் வழியாச் சேர்ந்தா கல்விக் கட்டணத்துல சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா கிடைக்காது. குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் இது, அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தா உனக்கு இல்லை.

- ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவளா? 2022-ல தொடங்கின புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய். உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களுக்கும் பிறகு விரிவுபடுத்தினாங்க. தம்பி இருந்தா அவனுக்குத் தமிழ்ப் புதல்வன், அது 2024-ல வந்தது. இதுக்குத் தனியா எங்கேயும் அலைய வேண்டாம், காலேஜ்லயே இதைப் பார்க்கிற ஒரு பேராசிரியர் இருப்பார். முதல் வாரத்துலயே அவர் யாருன்னு விசாரி.

- அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும்னு பலர் நினைச்சிட்டிருக்காங்க. 2021-ல இருந்து இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் இதுக்கெல்லாமும் உண்டு.

- பேங்க் கணக்கு உன் பேர்ல இருக்கணும், ஆதாரோட இணைச்சிருக்கணும். மாமா கணக்கு, சித்தப்பா கணக்கு எல்லாம் வேண்டாம்.

- கல்விக் கடன் நாலு லட்சம் வரைக்கும்னா சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, அப்பாவோ அம்மாவோ கூட்டாக் கையெழுத்துப் போட்டா போதும். மேனேஜர் ‘அப்புறம் வாங்க’ன்னா வாய் வார்த்தையோட திரும்பி வராதே. ஆன்லைன்ல வித்யாலட்சுமி தளத்துல விண்ணப்பிச்சா உன் கையில ஒரு பதிவு எண் இருக்கும்.

3. அட்டெண்டன்ஸ் கணக்கு தெரியாம லீவு போடாதே

75 சதவீதம்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது எப்படி ஓடுதுன்னு பாரு. ஒரு பாடத்துக்கு செமஸ்டர் முழுக்க 60 ஹவர் வகுப்புன்னு வை. 45 ஹவர் நீ உட்கார்ந்திருக்கணும். உன் கையிருப்பு 15 ஹவர்தான்.

இப்போ நீ வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறே. அம்மா இட்லி சுட்டுத் தர்றாங்க, ஞாயித்துக்கிழமை கிளம்ப மனசு வரலை. திங்கக்கிழமை விடிகாலை பஸ் பிடிச்சு வர்றே. முதல் ரெண்டு ஹவர் போச்சு. அந்த ரெண்டும் ஒரே பாடமா இருந்தா, எட்டுத் திங்கக்கிழமைல 16 ஹவர். ஒரு நாள்கூட முழு லீவு போடாமலே அந்தப் பாடத்துல உனக்குப் பரீட்சை எழுத முடியாத நிலைமை வந்துடலாம். அதனால ஊருக்குப் போனா ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வண்டி ஏறு.

காய்ச்சல்னா டாக்டர் சீட்டை அன்னிக்கே வாங்கி வை. மூணு மாசம் கழிச்சுத் தேடினா கிடைக்காது. என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டுன்னு போனா ஆன் டியூட்டி (ஓ.டி.) எழுதிக் கொடுத்தியான்னு அன்னிக்கு சாயங்காலமே சரிபார். நீ போனது உண்மையா இருந்தாலும் பேப்பர் இல்லைன்னா ஆப்சென்ட்தான்.

4. தமிழ் மீடியமா? பயந்து பின் பெஞ்சுக்குப் போகாதே

ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளைங்க முதல் செமஸ்டர்ல சுருண்டு போறது இங்கேதான். பிளஸ் டூ-வுல அறுநூத்துக்கு ஐந்நூத்தம்பது வாங்கினவ, ‘எனக்கு ஒண்ணுமே தெரியலைக்கா’ன்னு அழுவா. தெரியாம இல்லை. ஆஸ்மோசிஸ்னு போர்டுல எழுதினதும், அது தான் படிச்ச சவ்வூடு பரவல்தான்னு அவளுக்கு யாரும் சொல்லலை.

இதுக்குக் காசு செலவில்லாத குறுக்குவழி ஒண்ணு இருக்கு. நம்ம அரசுப் பாடப்புத்தகம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரே பாடம்தான். இங்கிலீஷ் மீடியப் புத்தகத்தை அரசு இணையதளத்துல இலவசமாவே இறக்கிக்கலாம். நீ நல்லாப் படிச்ச ஒரு பாடத்தை எடுத்துக்கோ. இயற்பியல்ல மின்னோட்டம் உனக்குத் தண்ணிபட்ட பாடுன்னா அதே பாடம். தமிழ்ப் புத்தகம் இடது பக்கம், இங்கிலீஷ் புத்தகம் வலது பக்கம். பத்தி பத்தியாப் படி. விஷயம் ஏற்கெனவே தெரியும், அதனால வார்த்தை தன்னால ஒட்டிக்கும். புத்தகத்துல கலைச்சொல் பட்டியல் இருந்தா, அதை ஒரு நோட்டுல எழுது. காலேஜ் திறக்கிறதுக்குள்ள தினம் அரை மணி நேரம் இதைச் செய். முப்பது நாள்ல இங்கிலீஷ் பேசலாம்னு காசு கேட்கிற கோச்சிங் எதுவும் இப்போ உனக்கு வேண்டாம்.

வகுப்புல புரியலைன்னா தமிழ்லயே கேளு. வகுப்பு முடிஞ்சதும் போய், ‘சார், இந்த இடம் மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க’ன்னு நின்னா எந்த வாத்தியாரும் விரட்ட மாட்டார். கேட்காம பின்னாடி போய் உட்கார்ந்தா, நாலு வாரத்துல உனக்கு அந்தப் பாடமே அந்நியமாயிடும்.

பரீட்சையைத் தமிழ்ல எழுதலாமான்னு டிபார்ட்மென்ட்ல கேட்டுக்கோ. கலை அறிவியல் படிப்புகள்ல பல இடத்துல அனுமதி உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லயே சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் வழியில கொண்டு வந்தது. ஆனா தமிழ்ல எழுதினாலும் இங்கிலீஷ் கலைச்சொல்லைக் கத்துக்காம விடாதே. வேலைக்கு இன்டர்வியூ வரும்போது அது வேணும்.

5. படிக்கிற முறையை மாத்து

ஸ்கூல்ல ஒரு புத்தகத்தைப் பதினைந்து தடவை ரிவிஷன் பண்ணினே. இங்கே செமஸ்டர்னா நாலு மாசம் சொச்சம், அதுக்குள்ள ஐந்தாறு பாடம். புத்தகத்தை அட்டைக்கு அட்டை மனப்பாடம் பண்ண நேரமில்லை.

முதல் வேலையா சிலபஸை வாங்கு. ரெண்டாவதா, சீனியர் அக்காவைப் பிடிச்சு பழைய மூணு வருஷக் கேள்வித்தாளை வாங்கு. எந்த யூனிட்ல இருந்து பெரிய கேள்வி வருதுன்னு பென்சில்ல குறிச்சிட்டுப் படிக்க உட்காரு. மூணாவதா, இன்டர்னல் மார்க்கை அலட்சியம் பண்ணாதே. பல கலை அறிவியல் கல்லூரிகள்ல அது 25, செமஸ்டர் பரீட்சை 75. அசைன்மென்ட்டைத் தேதிக்குள்ள கொடுத்தாலே வர்ற மார்க்கை எதுக்கு விடணும்? ஆனா இன்டர்னல் முழுசா இருக்குன்னு தூங்கிடாதே, செமஸ்டர் பரீட்சையில தனியா ஒரு குறைந்தபட்ச மார்க் எடுத்தே ஆகணும்ங்கிற விதி பல இடத்துல இருக்கு.

ஒரு பாடத்துல ஃபெயிலாகி அரியர் விழுந்தா உலகம் முடிஞ்சு போகலை. ஆனா அடுத்த வாய்ப்புலயே எழுதி முடி. ‘கடைசி வருஷம் சேர்த்து எழுதிக்கலாம்’னு சொல்ற தோழியை நம்பாதே, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற பல கம்பெனிகள் நிலுவையில அரியர் இருந்தா உள்ளேயே விடாது. மார்க் சந்தேகமா இருந்தா விடைத்தாள் நகல் கேட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். அதுக்குக் கெடு சில நாள்தான், ரிசல்ட் வந்த அன்னிக்கே தேதியைக் குறி.

6. ஹாஸ்டல்

பூட்டு ரெண்டு, பக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், காய்ச்சல் மாத்திரை, ஊறுகாய். போதும். கட்டிலுக்கடியில திணிக்க மூணு பெட்டி வேண்டாம். மெஸ் சாப்பாடு பிடிக்கலைன்னு தினம் வெளியே ஆர்டர் பண்ணினா மாசக் கடைசியில கையைப் பிசைவே. தங்கச் செயினைப் போட்டுட்டுப் போகாதே.

7. ராகிங், போன், கடன் ஆப்

1996-ல சிதம்பரத்துல ஒரு மருத்துவ மாணவர் ராகிங்ல கொல்லப்பட்ட பிறகு, 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டமே வந்தது. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. ‘சும்மா விளையாட்டுக்கு’ன்னு யாராவது உன்னை அவமானப்படுத்தினா அது விளையாட்டு இல்லை. வகுப்பு ஆசிரியர்கிட்டச் சொல்லு, வார்டன்கிட்டச் சொல்லு. அங்கே தயக்கமா இருந்தா யுஜிசி உதவி எண் 1800-180-5522. பெண்களுக்கான உதவி எண் 181. போட்டோவை மாத்தி மிரட்டினாலோ ஆன்லைன்ல பணம் போனாலோ 1930. மூணையும் இப்பவே போன்ல பதிஞ்சு வை.

‘அஞ்சு நிமிஷத்துல லோன்’னு வர்ற ஆப் எதையும் தொடாதே. ஆப்காரன் உன் போன்ல இருக்கிற அத்தனை நம்பரையும் எடுத்துக்கிட்டு, பிறகு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி உன் மானத்தை வாங்குவான். ஃபீஸ் கட்ட முடியலைன்னா காலேஜ் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதித் தவணை கேளு. கேட்டுப் பார்க்காமலே கிடைக்காதுன்னு நீயா முடிவு பண்ணாதே.

8. சேர்ந்த படிப்பு பிடிக்கலைன்னா

ஒரு மாசம் பொறு. முதல் வாரத்து அழுகை வீட்டு நினைப்பால வர்றது, அதுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. ஒரு மாசம் கழிச்சும் மனசு ஒட்டலைன்னா துறைத்தலைவரைப் பார்த்துப் பேசு, வேற துறையில இடம் காலியா இருக்கலாம். இதைச் சீக்கிரம் கேட்டா வழி இருக்கும், ரெண்டாம் வருஷம் கேட்டா இருக்காது.

9. வீட்டுக்கு மறைக்காதே

ஒரு பொண்ணு ‘அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார், எப்படிச் சொல்றது’ன்னு மூணு அரியரை மறைப்பா. ஒரு பொய்க்கு இன்னொரு பொய், ரிசல்ட் வந்தாச்சான்னு கேட்டா ‘இன்னும் வரலைப்பா’. பரீட்சை பயத்தைவிட இந்தப் பயம்தான் பிள்ளைங்களை உடைக்குது. அப்பா ஒரு நாள் திட்டுவார், அம்மா ஒரு நாள் அழுவாங்க. மறுநாள் ‘சரி, அடுத்து என்ன செய்யணும்?’னு அவங்களேதான் கேட்பாங்க. அம்மாகிட்ட நேரடியாச் சொல்ல வாய் வரலைன்னா அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாராவது ஒருத்தர்கிட்டச் சொல்லிடு. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, போனை எடுத்துப் பேசு.