பொறுத்துப் பார்க்க நேரமில்லை: காது கேளாத மழலையும் நம் வீட்டு நம்பிக்கைகளும்

பிறக்கும் 1000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்கு நிரந்தரமான செவித்திறன் குறைபாடு இருக்கிறது என்பது உலக அளவிலான பொதுக் கணக்கு. இவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகக் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ஆகவே வீட்டில் யாருக்கும் இதில் முன் அனுபவம் இருக்காது. அந்த நேரத்தில் உறவும் அக்கம்பக்கமும் ஆளுக்கொரு ஆறுதலோடு வருகிறார்கள். அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் அந்த ஆறுதல்களில் பல, குழந்தையின் மூளை மொழியை வாங்கிக்கொள்ளும் மாதங்களை வீணாக்கிவிடுகின்றன. பேச்சுப் பயிற்சிக்கு வரும் குடும்பங்களிடம் திரும்பத் திரும்பக் காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: "தட்டு விழுந்தா திரும்பிப் பாக்குறான். காது நல்லாத்தான் கேக்குது."

உண்மை: காது கேளாமை என்றால் முழு நிசப்தம் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொஞ்சமாவது கேட்கும். கதவு அறைவதும் லாரி போவதும் கேட்கும். 'ஸ்', 'ச்', 'ப்', 'த்' போன்ற மெல்லிய மெய்யொலிகள் கேட்காது. அப்படிப்பட்ட குழந்தைக்கு 'பால்' என்பதும் 'கால்' என்பதும் ஒன்றுபோல்தான் விழும். முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. காற்றின் அசைவு, தரையின் அதிர்வு, சுவரில் விழும் நிழல், எதிரில் இருப்பவரின் கண் போகும் திசை என்று எதையாவது பிடித்துக்கொண்டு குழந்தை திரும்பிவிடும்.

மழலை ஒலியும் நம்மை ஏமாற்றும். காதே கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் 'ஊ', 'ஆ' என்று குரல் கொடுக்கும். 'பாபாபா', 'மாமாமா' என்று அசைகளைக் கோத்துச் சொல்லும் கட்டத்தில்தான் அது பின்தங்கும். எனவே ஓ.ஏ.ஈ. (OAE), பேரா (BERA) ஆகிய கருவிப் பரிசோதனைகளைத்தான் நம்ப வேண்டும். இரண்டிலும் ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குதல் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னாளில் கேட்கும் திறன் குறையலாம். ஆகவே சந்தேகம் வந்தால் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை: "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். இவன் தாத்தாவே நாலு வயசுலதான் பேசுனாரு."

உண்மை: ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் பேசத் தொடங்குவது உண்டு. ஆனால் அது வருடக் கணக்கில் நீள்வதில்லை. ஒரு வயதையொட்டி ஓரிரு சொற்களும், இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' போன்ற இரட்டைச் சொற்களும் வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது காதை.

நம் ஊரில் நாக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா பேச்சு வந்துடும்" என்கிறார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் பிசகலாம். பேச்சே வராமல் போகாது. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதாலும் பேச்சு வராது. அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

காத்திருப்பதன் விலை என்ன? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், அதற்குப் பிறகு கண்டறியப்பட்ட குழந்தைகளைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். பச்சிளம் குழந்தைகள் எல்லோருக்கும் செவிப் பரிசோதனை வேண்டும் என்ற கொள்கைக்கு அது பெரும் பலம் சேர்த்தது.

நம்பிக்கை: "காதுல எண்ணெய் காய்ச்சி விட்டா சரியாயிடும்."

உண்மை: நிரந்தரக் கேளாமை பெரும்பாலும் உள்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்களில் வருகிறது. காதில் விட்ட எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். உள்காதுக்குப் போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் புகுந்து சீழ் பிடிக்க வைக்கும். சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கியோ, அழுக்கு அடைத்தோ வரும் தற்காலிகக் கேளாமையைச் சரிசெய்ய முடியும். அதைப் பிரித்தறிந்து வைத்தியம் சொல்ல வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

நம்பிக்கை: "சின்னதுலயே மிஷின் மாட்டினா அதுக்கே பழகிப்போயி காது இன்னும் மந்தமாயிடும்."

உண்மை: பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கும் காதுக்கருவி பொருத்தலாம். குழந்தையின் கேட்கும் அளவைக் கணக்கிட்டு ஆடியாலஜிஸ்ட் அமைத்துக்கொடுத்த கருவி காதை மந்தமாக்காது. பாதிப்பு வருவது கருவி இல்லாமல் கழியும் நாட்களால்தான். ஒலியே வராவிட்டால், ஒலிக்கென்று மூளையில் இருக்கும் பகுதி வேறு வேலைகளுக்குப் போய்விடும். சுமார் 3½ வயது வரை அந்தப் பகுதி மிகவும் நெகிழ்வாக இருக்கும் என்பதால்தான் இவ்வளவு அவசரம். எனவே கருவி பயிற்சி நேரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் போக, விழித்திருக்கும் நேரம் முழுக்கக் காதில் இருக்க வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தை அதைக் காதில் விட்டுவைக்குமா? பிடுங்கி எறியும், வாயில் போட்டுக் கடிக்கும். அதற்காகத் திட்டவும் வேண்டாம், "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று டப்பாவில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். மாட்டிய கையோடு பிடித்த பொம்மையையோ உருண்டையையோ கொடுங்கள். சட்டைக் காலரில் கிளிப்போடு கயிறு கட்டிவிட்டால் தொலையாது. கருவி 'கீ' என்று விசிலடித்தால், பெரும்பாலும் காது வளர்ந்து, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர் மோல்டு தளர்ந்திருக்கும். இந்த வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை இயர் மோல்டு மாற்றத்தான் வேண்டியிருக்கும். எண்ணெய்க் குளியலுக்கு முன் கருவியைக் கழற்றிவிட்டு, பிறகு தலையையும் காது மடலையும் நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வியர்வையும் ஈரக்காற்றும் கருவிக்கு எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பொத்தான் பேட்டரி குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கிவிட்டால் அந்த நொடியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

காலையில் கருவியை மாட்டியதும் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பேச்சின் அகலம் முழுவதும் இந்த ஆறில் அடங்கிவிடும். நேற்று 'ஸ்' கேட்டதும் திரும்பிய குழந்தை இன்று திரும்பாவிட்டால், பேட்டரியோ கருவியோ காதோ எதையோ சொல்கிறது என்று அர்த்தம்.

நம்பிக்கை: "ஆபரேஷன் பண்ணிட்டா மறுநாளே பேசிடும்."

உண்மை: காதுக்கருவியால் போதிய பயன் கிடைக்காத தீவிரக் கேளாமைக்குத்தான், அறுவை சிகிச்சையால் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். அறுவை சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, சில வாரங்கள் கழித்துத்தான் வெளிக்கருவியை இயக்குவார்கள். அன்று குழந்தை வீறிட்டு அழலாம், ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடிக்கொண்டும் இருக்கலாம். இரண்டுமே இயல்பு. அந்த நாள்தான் குழந்தையின் 'கேட்கும் வயது' தொடங்கும் நாள். இரண்டு வயதில் கருவியை இயக்கிய குழந்தையிடம், மூன்று வயதில் ஒரு வயதுக் குழந்தையின் கேட்டல் அனுபவம்தான் இருக்கும். அடிக்கடி கருவியின் அளவுகளைத் திருத்த வேண்டும். ஸ்பீச் தெரபி வருடக் கணக்கில் தொடர வேண்டும்.

பல லட்சம் ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சை, தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. ஆறு வயது வரை சலுகை இருக்கிறதே என்று ஆறு வயது வரை காத்திருந்துவிடாதீர்கள். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன்.

நம்பிக்கை: "கத்திப் பேசினாத்தான் அதுக்கு விளங்கும்."

உண்மை: கத்தும்போது உயிரொலி மட்டும் வீங்கி மெய்யொலி அமுங்கிவிடுகிறது, உதடும் கோணுகிறது. கருவி ஏற்கெனவே ஒலியைக் கூட்டித் தருகிறது. குழந்தைக்குத் தேவை நம் அருகாமை. தூரம் இரு மடங்கானால் பேச்சொலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே அடுப்படியிலிருந்து கூவுவதைவிட, பக்கத்தில் போய் உட்கார்ந்து இயல்பான குரலில் சொல்வது பல மடங்கு மேல். நம் வீடுகளில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். அதன்மேல் டி.வி.யும் மிக்ஸியும் ஃபேனும் சேர்ந்தால் கருவி எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக் கொட்டும். குழந்தையோடு பேசும் நேரத்தில் டி.வி.யை அணையுங்கள். தரையில் பாய், ஜன்னலில் தடித்த திரை போட்டாலே எதிரொலி குறைந்துவிடும்.

பிறகு, பேசுங்கள். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். "தண்ணி ஊத்தலாமா? ஊத்து, ஊத்து... போதும்! ஐயோ, கையில ஒட்டிக்குது பார். உன் கையிலயும் ஒட்டிக்கிச்சா?" என்று சொல்லிவிட்டு, நிறுத்துங்கள். பத்து எண்ணும் நேரம் குழந்தையின் முகத்தையே பாருங்கள். அது 'ஊ' என்றால், "ஆமா, ஊத்தலாம்!" என்று முழுச் சொல்லாக்கித் திருப்பிக் கொடுங்கள். ஒரே வாக்கியம் பிசையும்போதும் உருட்டும்போதும் மறுநாளும் வந்தால்தான் அதன் மனதில் பதியும். வாரத்தில் ஒரு மணி நேரம் தெரபி நடந்தால், மீதி அத்தனை மணி நேரமும் வீட்டில்தான் கழிகிறது. சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா பள்ளி, பச்சிளம் பருவத்திலிருந்தே தாயையும் சேர்த்துப் பயிற்றுவிப்பது இதனால்தான்.

நம்பிக்கை: "சைகை பழக்கினா பேச்சு வராது."

உண்மை: இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கத் தீர்மானித்தது. அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு 2010இல் கனடாவின் வான்கூவரில் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. சைகை மொழி முழுமையான இலக்கணம் உடைய மொழி. அதைப் பழகுவதால் பேச்சுக்குத் தடை வருவதில்லை. குழந்தைக்கு ஏதாவது ஒரு மொழி, முழுமையாக, சீக்கிரமாகக் கிடைக்க வேண்டும். எந்த மொழியும் சரியாகக் கிடைக்காமல் போகும் மழலைப் பருவம்தான் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

இதையொட்டியே இன்னொன்று: "ஸ்கூலுக்கு இங்கிலீஷ்தானே வேணும், வீட்டிலயும் அதையே பேசுவோம்" என்கிறார்கள். தாலாட்டவும் கொஞ்சவும் கண்டிக்கவும் உங்களுக்குத் தடையின்றி வரும் மொழியிலேயே பேசுங்கள். தடுமாறிப் பேசும் மொழியில் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சு குறைந்துவிடும்.

நம்பிக்கை: "கர்ப்பமா இருக்கும்போது அவ கவனமா இல்ல. அதான் இப்படி."

உண்மை: கிரகணத்தில் வெளியே போனதாலும் எதையோ தின்றதாலும் காது போவதில்லை. பிறவிக் கேளாமையில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. அதிலும் பெரும்பகுதி, தந்தை தாய் இருவரும் ஆளுக்கொரு பழுதுபட்ட பிரதியைக் கொடுத்தால் மட்டுமே வெளிப்படும் வகை. இருவருக்கும் காது நன்றாகக் கேட்டாலும், அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கட்டும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மற்றபடி, கர்ப்ப காலத்து ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுகள், குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளை உறைக் காய்ச்சல் ஆகியவையும் காரணமாகலாம். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் பாதிக்கப்படுவது குழந்தை. நாள் முழுக்க அதனோடு சிரித்துப் பேச வேண்டியவரின் வாயை அந்தப் பழி அடைத்துவிடுகிறது.

நம்பிக்கை: "பாவம், அதுக்கு என்ன தெரியும், விட்டுடுங்க."

உண்மை: அண்ணனை அடித்தால் அந்தக் குழந்தையையும் கண்டிக்கத்தான் வேண்டும். தாத்தா ஊருக்குப் போகிறார் என்றால் அதற்கும் சொல்லத்தான் வேண்டும். போட்டோவைக் காட்டி, பையைக் காட்டி, பேசிச் சொல்லுங்கள். யாரும் சொல்லாமல் எல்லாம் திடீர் திடீரென்று நடக்கும் வீட்டில்தான் குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. இரவில் கருவியைக் கழற்றியபின் அதற்கு மிஞ்சுவது கண் மட்டுமே. விளக்கை அணைப்பதற்கு முன் "தூங்கலாம்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். சிறு விளக்கொன்று எரியட்டும்.

சந்தேகம் இருக்கும் பெற்றோருக்குச் சொல்ல இருப்பது இதுதான்: அடுத்த பண்டிகை வரை, அடுத்த பிறந்தநாள் வரை என்று தள்ளாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கோ இந்த வாரமே போங்கள். பேரா பரிசோதனை கேளுங்கள். குறை இல்லையென்றால் நிம்மதியாக வீடு திரும்பலாம். இருந்தால், கருவிக்கு அளவெடுக்கும் நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். கருவி வரும் வரையிலும் குழந்தையை மடியில் வைத்து, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.