பொரிப்பதற்கேற்ற எண்ணெய் எது?

அங்காடியில் எண்ணெய் வாங்கச் செல்பவர் முன் இன்று பத்துப் பதினைந்து வகைப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. பலவற்றின் மேல் இதயத்தின் படமும், ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்னும் வாசகமும் காணப்படும். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை. ஆகவே அவ்வாசகம் ஓர் எண்ணெயை மற்றோர் எண்ணெயினின்று பிரித்தறிய உதவாது. பிறகு எதைக் கொண்டு தேர்வது?

சில ஆண்டுகளுக்கு முன் என் கணவர் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். “வீட்டில் என்ன எண்ணெய் பயன்படுத்துகிறீர்கள்?” என்று மருத்துவர் வினவினார். “சூரியகாந்தி எண்ணெய்தான்” என்று பெருமையுடன் விடையிறுத்தேன். “பொரித்த பின் மிஞ்சுவதை என்ன செய்கிறீர்கள்?” என்பது அவரது அடுத்த வினா. மிஞ்சியதைத் தூக்கில் ஊற்றி வைத்து, அடுத்த முறை அதன் மேலேயே புது எண்ணெயைச் சேர்ப்பது என் நாற்பதாண்டு வழக்கம். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நோய்க்கு அதுவே காரணம் என்று எவரும் கூறவில்லை. ஆயினும், எண்ணெயின் பெயரை மட்டும் அறிந்து, அதன் இயல்பை அறியாதிருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

சூட்டினால் நிகழ்வது

பொரித்தலுக்கு ஏறத்தாழ 170 முதல் 190 பாகை செல்சியசு வரை வெப்பம் தேவை. எண்ணெய் தொடர்ந்து புகையத் தொடங்கும் வெப்பத்தைப் புகைநிலை என்பர். சுத்திகரித்த கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் புகைநிலை ஏறத்தாழ 230 பாகை. சுத்திகரிக்காத செக்கெண்ணெய்களுக்கு அது 160 முதல் 180 பாகைக்குள் அமையும். எனவே மணமும் சுவையும் மிக்க செக்கெண்ணெய் தாளிப்பதற்கும் வதக்குவதற்கும் உகந்தது. நெடுநேரம் பொரிப்பதற்கு ஏற்றதன்று.

புகைநிலை மட்டும் போதாது

இரண்டாவதாக, எண்ணெயிலுள்ள கொழுப்பின் வகையைக் கருத வேண்டும். பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய் சூட்டில் காற்றுடன் சேர்ந்து விரைவில் சிதையும். தீங்கான பொருள்கள் உண்டாகும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் இக்கொழுப்பே பாதிக்கு மேல் உள்ளது. புகைநிலை உயர்ந்திருந்தும் அது பொரிப்பதற்கு முதலிடம் பெறாமைக்குக் காரணம் இதுவே.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அது எளிதில் சிதையாது. ஆனால் மிகுதியாக உண்டால் இரத்தத்தில் தீய கொலஸ்ட்ராலை உயர்த்தும். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பே. வனஸ்பதியில் இருந்த ‘டிரான்ஸ்’ கொழுப்பு இதயத்திற்குக் கேடு என்பதால், 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என வரையறுக்கப்பட்டது.

கடலை எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் சூட்டை ஓரளவு தாங்கும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. ஆகவே இல்லத்தில் பொரிப்பதற்குச் சுத்திகரித்த இவ்விரண்டில் ஒன்றைக் கொள்ளலாம். அன்றாடச் சமையலில் நல்லெண்ணெய் முதலியவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் நலம்.

மிஞ்சிய எண்ணெய்

எவ்வளவு நல்ல எண்ணெயாயினும் மீண்டும் மீண்டும் காய்ச்சினால் கெடும். பண்டத்தின் ஈரமும் அடியில் கருகும் துகள்களும் அதைச் சிதைக்கின்றன. ஒவ்வொரு முறையும் புகைநிலை தாழ்கிறது. இவ்வாறு சிதைந்த பொருள்களின் அளவு 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அடுக்களையில் இதை அளக்கக் கருவியில்லை. கண்ணும் மூக்குமே கருவிகள். நிறம் கறுத்தல், கெட்டிப்படுதல், நுரை அடங்காமை, விரைவில் புகைதல், சிக்கு வாடை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அதைக் கழித்துவிடுக.

ஒரு முறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாள்களுக்குள் குழம்பு, பொரியல் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். மீண்டும் பொரிப்பதற்குக் கொள்ளலாகாது என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறப்பட்ட அறிவுரை. எனவே சிறிய வாணலியில் குறைந்த எண்ணெய் ஊற்றிச் சிறிது சிறிதாகப் பொரிப்பதே சிக்கனம். சூட்டை அறிய ஒரு துளி மாவை இடுக. அது அடியில் தங்கினால் சூடு போதாது. பண்டம் எண்ணெய் குடிக்கும். இட்டவுடன் கருகினால் சூடு மிகுதி. சற்றே அமிழ்ந்து குமிழியுடன் எழுந்தால் அதுவே பதம்.

அளவு

எந்த எண்ணெயாயினும் ஒரு கிராம் 9 கலோரி தரும். கடின உழைப்பில்லாத ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் போதும். நால்வர் வாழும் இல்லத்திற்கு மாதம் ஏறத்தாழ 3 லிட்டர் என்று கணக்கிட்டுக் கொள்க. பொரித்த பண்டம் நாள்தோறும் வேண்டுவதன்று. விழா நாளுக்குரியதாக இருப்பின் அதன் சுவையும் மிகும்.

என் இல்லத்தில் அந்தத் தூக்கு இப்போது புளி வைக்கப் பயன்படுகிறது.

பயிற்சி

1. உங்கள் இல்லத்தில் சென்ற மாதம் செலவான எண்ணெய் எவ்வளவு? ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் ஆகிறது?

2. சூரியகாந்தி எண்ணெயின் புகைநிலை உயர்ந்திருந்தும் அது பொரிப்பதற்கு முதலிடம் பெறாதது ஏன்?

3. மிஞ்சிய எண்ணெய் கெட்டதென்பதை அறியும் அடையாளங்கள் ஐந்தினைக் கூறுக.