உன் பெயரை நீயே போய்ப் பார்

சுன்னாகம்,
2025 மே 11

அன்புள்ள பிள்ளைக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ அழாக்குறையாகக் கதைத்தது இன்னும் காதில் நிற்கிறது. மார்ச்சில் உனக்குப் பதினெட்டு முடிந்தது. மே 6 உள்ளூராட்சித் தேர்தல். உன்னிலும் சில மாதம் மூத்த இரண்டு பெட்டைகள் விரலில் மையோடு ரியூசனுக்கு வந்தார்களாம். உனக்கு வாக்காளர் அட்டையும் வரவில்லை, வாக்காளர் இடாப்பில் பெயரும் இல்லை. “விதானையாரிட்ட நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் சேர்த்திருப்பாரெல்லோ மாமா?” என்று கேட்டாய்.

சேர்த்திருக்க மாட்டார், பிள்ளை. முப்பத்துநான்கு வருசம் அதே வேலை பார்த்தவன் சொல்கிறேன். கிராம சேவகர், கிராம அலுவலர் என்று அரசாங்கம் பெயரை மாற்றிக்கொண்டே போனது, ஊர் வாயில் நான் கடைசிவரை விதானையார்தான். அந்த விதானையாருக்கும் பூட்டின இடாப்பைத் திறக்கிற திறப்பு கிடையாது. இந்தத் தேர்தல் 2024ஆம் ஆண்டு இடாப்பில் நடந்தது. சனம் தேர்தல் வரப்போகிறது என்று சந்தியில் கதைக்கத் தொடங்கும்போது, ஆர் ஆர் வாக்குப் போடலாம் என்பது பெரும்பாலும் முடிந்த கதை. கலியாணவீட்டுக்குச் சொல்லி முடிந்தபிறகு ஐயரைத் தேடுகிற மாதிரித்தான் பலர் எங்களிடம் ஓடி வருவார்கள்.

2020 ஆகஸ்ட் 5 பாராளுமன்றத் தேர்தலை எடுத்துப் பார். அது 2019 இடாப்பில் நடந்தது. அந்தக் காலம் தகைமைத் திகதி ஜூன் 1. ஒரு பெடியனுக்கு 2019 ஜூன் 2இல் பதினெட்டு வந்திருந்தால், ஒரு நாள் பிந்தினதற்காக அவன் வெளியே. வாக்குப் பெட்டி வைத்த அன்று அவனுக்குப் பத்தொன்பது வயதும் இரண்டு மாதமும். அப்படி எத்தனை பிள்ளைகள் என் ஓய்வுக்குப் பிறகும் வீடு தேடி வந்து கேட்டார்கள்! (ஜூன் 1 என்றால் எனக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 1981இல் மாவட்ட சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருக்க, மே 31 இரவு தொடங்கி எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருசம். அதன்பிறகு ஒவ்வொரு வருசமும் அந்தத் திகதியைப் படிவத்தில் எழுதும்போது கை ஒருக்கால் நிற்கும்.)

2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தகைமைத் திகதி பெப்ரவரி 1 ஆயிற்று. அதோடு, அந்த நாளுக்குப் பிறகு பதினெட்டு அடைகிறவர்களை அடுத்த வருசம்வரை காக்க வைக்காமல், துணை இடாப்பில் சேர்க்க வழி வந்தது. மே 31 வரை வயது வருகிறவர்கள் ஒரு பகுதி, செப்டெம்பர் 30 வரை இன்னொரு பகுதி, அடுத்த ஜனவரி 31 வரை மூன்றாவது. நீ மார்ச்சுக்காரி, ஆகவே முதற் பகுதி. இந்தக் கிழமையே போ. சோதனை முடியட்டும் என்று நினைக்காதே. உயர்தரப் பாடக்கொப்பிகள் ஒரு காலைப்பொழுது உன்னைக் காணாமல் இருந்தால் மறந்துவிட மாட்டா.

அடையாள அட்டை எடுத்தாயிற்று, இனி எல்லாம் தன்பாட்டில் நடக்கும் என்றுதான் உன் அம்மா இருந்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் வந்த மயக்கம் இல்லை அது. பழைய அட்டை இலக்கத்தின் முடிவில் ஒரு ‘வி’ எழுத்து இருக்கும். அதைக் காட்டி “இஞ்ச பாருங்கோ, வாக்கு இருக்கெண்டு அரசாங்கமே அடிச்சுத் தந்திருக்கு” என்று என்னோடு சண்டைக்கு நின்ற பெரிய மனிசரைக் கண்டிருக்கிறேன். அட்டை கொடுப்பது ஆட்பதிவுத் திணைக்களம். இடாப்பு தேர்தல்கள் ஆணைக்குழுவின் வேலை. ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வராது. வீட்டுக்கு வரும் பி.சி. படிவத்திலோ, ஆணைக்குழுவின் இணையத்தளத்திலோ உன் பெயரை ஒருவர் எழுதினால்தான் ஏறும்.

எழுதும்போது பன்னிரண்டு இலக்கத்தையும் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்து எழுது. முதல் நாலும் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் வருசத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்பிள்ளைகளுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இது தெரியாமல், ஏதோ பிழை என்று எண்ணி 500ஐக் கழித்துத் “திருத்தி” எழுதித் தந்த ஒரு கெட்டிக்காரத் தகப்பன் என் பிரிவில் இருந்தார். மகள் ஆண்பிள்ளை ஆகிப் போனாள்.

அடுத்தது, எந்த விலாசத்தில் பதிவது. நீ இப்போது கொக்குவிலில் தங்கிப் படிக்கிறாய், வீடு புங்குடுதீவில். இரண்டு இடத்திலும் பதிய ஏலாது. கொக்குவில் வசதி என்பாய், பள்ளிக்கூடம் நடைதூரத்தில் இருக்கிறது, குறிகட்டுவான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. ஆனால் உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணி உவர். பவுசர் வராத நாளில் உன் அம்மா குடத்தோடு நிற்கிறாள். அந்தப் பவுசர் வருகிறதா இல்லையா என்று கேட்கவேண்டிய சபை வேலணைப் பிரதேச சபை. நீ படிக்க வந்தவள், குடிவந்தவள் அல்ல. ஊரிலேயே பதி. நாளைக்குக் கொழும்பிலோ பேராதனையிலோ இடம் கிடைத்தாலும் இதே கேள்வி வரும். அப்போது உன் வாழ்க்கை எங்கே நடக்கிறது என்று பார்த்து முடிவெடு.

இனித்தான் நான் உண்மையில் எழுத வந்த விசயம். உன் அண்ணனுடைய பெயர்.

அவன் கனடாவுக்குப் போய்ப் பதினொரு வருசம். போன வருசம் அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தாயிற்று, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவுமில்லை. அவன் இப்போது இலங்கைப் பிரசை அல்ல, வாக்குரிமையும் இல்லை. ஆனாலும் இந்த முறையும் உன் அம்மா படிவத்தில் அவன் பெயரை விட்டுவைக்கச் சொல்கிறாளாம். “எடுத்தால் எங்கட சீற்றெல்லோ குறையும்” என்கிறாளாம். நீயே அதை எனக்குச் சொல்லிச் சிரித்தாய். சிரிக்கத்தக்க கதை அல்ல அது. அவள் சொல்வதில் பாதி சரி.

பாராளுமன்றத்தில் 225 பேர். அதில் 29 தேசியப்பட்டியல். மிச்சம் 196இல் ஒன்பது மாகாணத்துக்கும் நாலு நாலாக 36 போக, 160 ஆசனங்களை மாவட்டங்களுக்குப் பிரிப்பது இடாப்பில் உள்ள பெயர்த்தொகையை வைத்துத்தான். சனத்தொகையை வைத்தல்ல, வாக்குப் போட்டவர் தொகையை வைத்தும் அல்ல. நீ புள்ளடி போட முன்னமே, உன் பெயர் இடாப்பில் இருப்பது மட்டுமே ஒரு நிறை. 2010இல் எங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் சேர்த்து, 7,21,359 பெயர்கள், ஒன்பது ஆசனங்கள். 2015இல் ஏழு. போன வருசம் ஆறு.

அந்த ஏழே கால் இலட்சம் என்ன தெரியுமா? யுத்த காலத்தில் ஒழுங்கான கணக்கெடுப்பு செய்ய முடியாமல் பழைய பெயர்களே வருசா வருசம் தொடர்ந்தன. செத்தவர், சுவிசுக்கும் இலண்டனுக்கும் போனவர், வன்னியில் முகவரியே இல்லாமற் போனவர் எல்லாரும் கடதாசியில் எங்களோடு குடியிருந்தார்கள். 2010 பாராளுமன்றத் தேர்தலில் வாக்குப் போட்டவர் நூற்றுக்கு 23 பேர். தெற்கிலே பத்திரிகைகள் “வடக்குக்குத் தேர்தலில் ஆர்வமில்லை” என்றன. ஆர்வமில்லாதவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் வராதவர்களில் எத்தனையோ பேர் வரமுடியாத இடத்தில் இருந்தவர்கள். இல்லாதவரின் பெயரை வைத்து எண்ணிக்கையைக் காட்டினால், அதே எண்ணிக்கை பிறகு எங்களைக் கேலி செய்யும். போதாததற்கு, ஆள் இல்லாத பெயர் கள்ளவாக்குக்காரனுக்குத் திறந்து விட்ட படலை. ஒருமுறை, வெளிநாட்டிலிருந்த ஒருவர் பெயரில் காலை ஒன்பது மணிக்கே வாக்கு விழுந்துவிட்டதாக அவருடைய சொந்தத் தம்பியே வந்து எனக்குச் சொன்னான்.

ஆகவே அண்ணனின் பெயரை எடுக்கச் சொல்லு. சீற்றுக் குறைகிறது என்ற கவலை அம்மாவுக்கு உண்மையாகவே இருந்தால், அதை நிரப்புகிற வழி உன்னிடம் இருக்கிறது. உன் வகுப்பில் பதினெட்டு வந்தும் பதியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். ஒரு கனடாக்காரனுக்குப் பதில் நாலு பேர் கிடைப்பார்கள்.

நான் எல்லாப் பெயரையும் இப்படி இலேசாக வெட்டினவன் என்று நினைக்காதே. என் பிரிவில் ஒரு தாய் இருந்தா. மகன் 2009இல் காணாமற்போனவன். படிவம் கொண்டு போகும் ஒவ்வொரு வருசமும் முதற் பெயராக அவனுடையதைத்தான் எழுதுவா, பிறகுதான் தன்னுடையது. “தம்பி, இதை வெட்டினால் அவன் செத்தான் எண்டு நீங்களும் சொன்ன மாதிரியெல்லோ” என்று ஒருமுறை கேட்டா. மரணச் சான்றிதழ் இல்லை, போனதற்குக் கடிதம் இல்லை. வேறு எந்தக் கடதாசியிலும் அவன் உயிரோடு இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த வரியில் பேனை வைக்கவில்லை. அது சட்டப்படி சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்ல ஏலாது. ஆனால் அந்தத் தாயின் வரியையும், வட்ஸப்பில் தினமும் படம் போடுகிற உன் அண்ணனின் வரியையும் ஒன்றாக்கிக் கதைக்க நான் விடமாட்டேன்.

நீ கேட்ட மற்றக் கேள்வி: “பதிஞ்சிட்டுப் போடாமல் விட்டால் என்ன?” விடலாம். இங்கே கட்டாயம் இல்லை. எங்கள் ஊருக்குப் போடாமல் விட்ட சரித்திரமும் உண்டு. 1931இல் பெண்களுக்கும் சேர்த்து வாக்குக் கிடைத்த முதல் தேர்தலை, பூரண சுயாட்சி இல்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் புறக்கணிக்கச் செய்தது. வடக்கின் நாலு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. என் அப்பம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கிடைத்த வாக்கைத் தொட்டுக்கூடப் பாராமல் இருந்ததை வயதுபோன காலத்திலும் முணுமுணுத்துக்கொண்டிருப்பா. 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ் மாவட்டத்தில் ஏழு இலட்சம் பெயர்களில் வாக்குப் போட்டவர் 8,524 பேர். வென்றவர் வென்றது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகளால். அதைப்பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, நேரில் வா, சொல்கிறேன். போடுவதும் விடுவதும் உன் தீர்மானம். பெயரே இல்லாதவளுக்கு அந்தத் தீர்மானமும் இல்லை.

வட மாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018இல் காலம் முடிந்தது. இன்றுவரை அடுத்தது இல்லை. எப்போது அறிவிப்பார்கள் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது, அறிவித்த பிறகு பெயர் சேர்க்க ஓடவும் முடியாது.

விதானையாரிடம் போகும்போது அடையாள அட்டைப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு போ. அலுவலக நாள் எது என்று கதவில் ஒட்டியிருக்கும், முதலே அம்மாவிடம் பார்த்து வைக்கச் சொல்லு. வரைவு இடாப்பைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் திரும்பவும் போய், உன் வரியை உன் கண்ணால் பார். விடுபட்டிருந்தால் உரிமைக்கோரிக்கைப் படிவம் கேள். கடைசித் திகதி அறிவித்தலிலேயே போட்டிருக்கும். “உங்கட பெயர் இருக்கு, போங்கோ” என்று வாயால் சொன்னால் நம்பி வராதே. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இரண்டு தரம் பிழைத்தும் இருக்கிறது.

கொக்குவிலுக்குத் திரும்பின பிறகு இங்கேயும் ஒருக்கால் வந்து போ. மாமி பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைப்பாள். பதிந்த ரசீதோ படமோ கொண்டு வந்தால்தான் தட்டு வெளியே வரும்.

அன்புடன்,
மாமா