இயங்குதளத்தை மாற்றுவதா, இருப்பதே போதுமா?

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் கையாளும் செயலிகளுக்கும் இடையே நின்று, நினைவகம், சேமிப்புத் தட்டு, அச்சுப்பொறி முதலியவற்றை ஒழுங்குபடுத்தும் மென்பொருளே இயங்குதளம் எனப்படும். இதன் புதிய பதிப்பு வெளிவருந்தோறும் அலுவலர்க்கும் ஆசிரியர்க்கும் ஓர் ஐயம் எழுகின்றது. புதியது என்பதனாலேயே ஏற்பதும், பழகியது என்பதனாலேயே விடாதிருப்பதும் தக்கனவல்ல. முடிவு செய்யுமுன் ஆராய வேண்டுவன கீழே தரப்படுகின்றன.

1. ஆதரவுக் காலம்

ஒவ்வொரு பதிப்பிற்கும் அதனை ஆக்கியோர் ஒரு கால வரம்பு விதிக்கின்றனர். விண்டோஸ் 7 பதிப்பிற்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 பதிப்பிற்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொது ஆதரவு முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்த கணிப்பொறிகளுக்கு மட்டும் மேலும் சில காலம் காப்புத் திருத்தங்கள் அளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வரம்பு கடந்த கணிப்பொறி நின்றுவிடுவதில்லை, முன்போலவே இயங்கும். பலரை மயக்குவது இதுவே. அதன்பின் கண்டறியப்படும் குறைகளுக்குத் திருத்தம் வாராது என்பதே அதன் உண்மைப் பொருள்.

2. வயநாடு தரும் பாடம்

2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. சில நாட்களுக்குள் கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகமும் இதற்கு இலக்காயிற்று. இத்தீநிரல் நுழைந்த வழியை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. உலகில் பாதிக்கப்பட்டவற்றுள் மிகப்பல, அன்று ஆதரவுக் காலத்துள் இருந்த விண்டோஸ் 7 கொண்டவையே. எனவே, பதிப்பை மாற்றுதல் வேறு. இருக்கும் பதிப்பிற்குரிய திருத்தங்களை உடனுக்குடன் சேர்த்தல் வேறு. முன்னது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. பின்னது இடையறாத கடமை.

3. பொறியின் தகுதி

விண்டோஸ் 11 பதிப்பிற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் காப்புறுப்பு, ஏற்கப்பட்ட செயலகம் ஆகியவை வேண்டும். இவை குறைந்த அளவுகளே. இவற்றை மட்டும் கொண்ட பொறி மந்தமாகவே இயங்கக்கூடும். தகுதியற்ற பொறியில் வலிந்து நிறுவுதல் நன்றன்று.

4. மற்றொரு வழி

பொறி தகுதியற்றதாயின் அதனைக் கழித்துவிட வேண்டுவதில்லை. ஸ்ரீவராகம் அடங்கிய திருவனந்தபுரம் நகரிலேயே, பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம், கேரளப் பள்ளிகளுக்கெனக் கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸ் அடிப்படையில் இயங்குதளம் அமைத்து வழங்கி வருகின்றது. உபுண்டு 18.04 பதிப்பைத் தழுவியதை அடுத்து, 22.04 பதிப்பைத் தழுவியது 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. உரிமக் கட்டணம் இல்லை என்றாலும் ஆதரவு வரம்பு இதற்கும் உண்டு: உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் பொது ஆதரவு ஐந்தாண்டுகளே.

5. செய்முறை

(அ) கோப்புகளைத் தனித் தட்டில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனச் சரிபார்க்க.
(ஆ) முதலில் ஒரு கணிப்பொறியில் மட்டும் நிறுவி, சில நாட்கள் வழக்கமான பணியைச் செய்து பார்க்க.
(இ) அச்சுப்பொறி, தமிழ், மலையாளத் தட்டச்சு, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருவில் அமைந்த பழைய ஆவணங்கள் ஆகியவற்றைச் சோதிக்க.
(ஈ) தேர்வு நாட்களிலும் கணக்கு முடிக்கும் மாத இறுதியிலும் தொடங்கற்க. நிறுவும்போது மின்சாரம் தடைப்படாமல் காக்க.

தொகுப்புரை

ஆதரவு உள்ளதாயின், திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். ஆதரவு முடிந்து பொறி தகுதியுடையதாயின், மாற்றுக. இரண்டும் இல்லையாயின், லினக்ஸை ஆராய்க. அதுவும் இயலாதபோது அப்பொறியை வலையிணைப்பிலிருந்து நீக்கிப் பயன்படுத்துக.

பயிற்சி: உங்கள் நிலையத்துக் கணிப்பொறி ஒவ்வொன்றிற்கும் பதிப்பு, ஆதரவு முடியும் நாள், நினைவக அளவு, கடைசியாகப் படியெடுத்த நாள் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. அவற்றுள் முதலில் கவனிக்கத்தக்கது எது? காரணம் கூறுக.